உம் கொட்டும் ஊர்: வாய்மொழிக் கதைகளைத் திருவிழாக்கள் காத்த விதம்

பாட்டியிடம் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு விதி நினைவிருக்கும். கதை நடந்துகொண்டிருக்கும்போது கேட்பவர் ‘உம்’ கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உம் நின்றுவிட்டால் பிள்ளை தூங்கிவிட்டது என்று பொருள். பாட்டி அந்த இடத்திலேயே கதையை நிறுத்திவிட்டுத் தானும் கண்ணயர்ந்துவிடுவாள். இந்த வழக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கில் இதை ‘ஊ கொட்டுவது’ என்றும், கன்னடத்தில் ‘ஹூங்குட்டுவது’ என்றும், மலையாளத்தில் ‘மூளுவது’ என்றும் சொல்கிறார்கள். இந்தி வழங்கும் பகுதிகளிலும் ராஜஸ்தானிலும் கேட்பவர் ‘ஹுங்காரா’ கொடுக்க வேண்டும். இத்தனை மொழிகளில் இதற்கென்று தனிச்சொல் இருப்பதிலிருந்தே, கதை என்பதைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பொதுவான ஒரு வேலையாகவே இந்த நாடு கருதிவந்திருக்கிறது என்பது தெளிவாகிறது.

அண்மைக்காலமாகக் கதைசொல்லலுக்கென்றே விழாக்கள் எடுக்கப்படுகின்றன. சென்னை, பெங்களூரு, தில்லி முதலிய நகரங்களில் கதைசொல்லிகள் கூடுகிறார்கள். மார்ச் 20ஆம் தேதி உலகக் கதைசொல்லல் நாளாகப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் கொண்டாடப்படுகிறது. இவை மனநிறைவு தரும் முயற்சிகள். ஆனால் வாய்மொழிக் கதைகளை விழா எடுத்துக் கொண்டாடுவது என்பது புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்றன்று. இந்தியாவின் நெடுங்கதைகளில் பெரும்பாலானவை திருவிழாக்களுக்குள்ளேயே வளர்ந்து, திருவிழாக்களாலேயே நம் காலம்வரை வந்து சேர்ந்தவை. அந்தப் பழைய விழாக்கள் கதைக்கு எதைக் கொடுத்தன என்று பார்த்தால்தான், புதிய விழாக்கள் எதைக் கொடுக்க வேண்டும் என்பது விளங்கும்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டங்களின் கொடை விழாவிலிருந்து தொடங்கலாம். சுடலைமாடன், இசக்கியம்மன், முத்தாரம்மன் போன்ற நாட்டார் தெய்வங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் இந்த விழாவுக்கான செலவை, ஊரின் ஒவ்வொரு குடும்பமும் ‘தலைக்கட்டு வரி’ என்ற பெயரில் பகிர்ந்துகொள்கிறது. கால்நாட்டுடன் தொடங்கும் கொடையில் பூசை, படையல், மேளம் எல்லாம் உண்டென்றாலும், விழாவின் போக்கை நடத்திச் செல்வது வில்லுப்பாட்டுதான். மணிகள் கட்டிய நீண்ட வில்லைக் குடத்தின் மீது சாய்த்து வைத்து, வீசுகோலால் நாணைத் தட்டியபடி தலைமைப் பாடகர் அமர்ந்திருப்பார். அவரைப் புலவர் என்றும் அண்ணாவி என்றும் அழைப்பார்கள். குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவற்றுடன் குழுவினர் இருபுறமும் இருந்து பின்பாட்டுப் பாடுவார்கள். புலவர் ஒரு செய்தியைச் சொல்லும்போது, அருகிலிருப்பவர் ‘ஆமா’ என்று ஏற்றுக்கொள்வதும், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என்று வினவுவதும், சொன்னதையே திரும்பச் சொல்லி உறுதிப்படுத்துவதும் பாட்டின் இலக்கணத்தில் அடங்கியவை. பாட்டி கேட்ட அதே உம் இங்கே குழுவின் ஒரு பொறுப்பாக மாறியிருக்கிறது.

கொடையில் எந்தக் கதை எப்போது பாடப்பட வேண்டும் என்பதற்கு முறை உண்டு. காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி பாடுதல், அவையடக்கம், நாட்டு வளம் என்று படிப்படியாக நகர்ந்துதான் கதைக்குள் நுழைகிறார்கள். துணைத் தெய்வங்களின் கதைகள் பிற வேளைகளில் பாடப்பட, கோயிலின் முதன்மைத் தெய்வத்தின் கதை பெரும்பாலும் நள்ளிரவை ஒட்டி வருகிறது. கதையில் அந்தத் தெய்வம் பிறக்கும் இடமோ கொல்லப்படும் இடமோ நெருங்கும்போது உடுக்கையின் வேகம் கூடுகிறது. சாமியாடுபவரான கோமரத்தாடிக்கு அருள் வருகிறது. அவருக்கு அருள் முழுமையாக இறங்கும்வரை புலவர் அதே அடிகளைத் திரும்பத் திரும்பப் பாடுவார்; இறங்கியதும் பாட்டு நிற்கும்; சாமி ஆடி, குறி சொல்லி, மலையேறிய பிறகு, விட்ட இடத்திலிருந்து கதை தொடரும். கதை எவ்வளவு நேரம் நடக்கும் என்பதைத் தீர்மானிப்பவர் புலவர் மட்டுமல்லர். கோமரத்தாடியும், பூசாரியும், குலவையிடும் பெண்களும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கிறார்கள்.

வில்லுப்பாட்டை விரிவாக ஆராய்ந்து 1988இல் நூல் வெளியிட்ட ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர், இந்தக் கதைகளைப் பிறப்புக் கதைகள், இறப்புக் கதைகள் என்று இரு வகையாகப் பிரித்துக் காட்டினார். தெய்வமாகவே பிறந்து மண்ணுக்கு வந்தவர்களின் கதைகள் முதல் வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகக் கொல்லப்பட்டு, பிறகு தெய்வமானவர்களின் கதைகள் இரண்டாம் வகை. இந்த இரண்டாம் வகைதான் என்னை எப்போதும் ஆழமாகத் தொடுகிறது. பாபநாசத்துக்கு மேலே மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வணங்கப்படும் முத்துப்பட்டனை எடுத்துக்கொள்வோம். பிராமணக் குடும்பத்தில் பிறந்த அவன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து, தன் சாதி அடையாளத்தைத் துறந்து, மாமனாரின் மாடுகளைக் காக்கும் போரில் உயிர்விட்டான். பேராசிரியர் நா. வானமாமலை இக்கதையைப் பதிப்பித்த பிறகே இது படித்தவர்களின் பரவலான கவனத்துக்கு வந்தது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே கொடைதோறும் அது பாடப்பட்டுவந்தது. சாதியை மீறிய ஒருவனின் மரணத்தை, சாதியால் கட்டப்பட்ட ஊர்களே ஆண்டுதோறும் கண்விழித்துக் கேட்டு வந்திருக்கின்றன. எழுத்தில் இருந்திருந்தால் மறந்துபோயிருக்கக்கூடிய ஒரு பழியை, அந்தத் தெய்வத்துக்குக் கொடை கொடுக்க வேண்டிய கடமை மறக்கவிடாமல் வைத்திருந்தது.

அதே தென்மாவட்டங்களில் கணியான் கூத்து என்ற இன்னொரு மரபும் உண்டு. மகுடம் என்ற தோற்கருவி இரண்டு முழங்க, பெண்வேடமிட்ட ஆண்கள் ஆட, அண்ணாவி கதை பாடுவார். குறிப்பாகச் சுடலைமாடன் கோயில்களில் இதற்குத் தனி இடம் இருக்கிறது. சில சடங்குகளைக் கணியான் சமூகத்தவரே செய்ய வேண்டும் என்பதால், அவர்கள் வராமல் விழாவே நிறைவுறாத ஊர்கள் உள்ளன.

வடதமிழகத்துக்கு வந்தால் விழாவின் அளவு இன்னும் பெரிதாகிறது. திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர் பகுதிகளில் திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரத விழா, பல ஊர்களில் பதினெட்டு நாளோ அதற்கு மேலோ நீள்வது. பகலில் பிரசங்கியார் வில்லிபாரதச் செய்யுளைப் பாடி விளக்கம் சொல்வார். பாடுபவர் ஒருவர், விளக்குபவர் ஒருவர் என்று இருவர் சேர்ந்து நடத்துவதும் உண்டு. பகலில் கேட்ட கதையின் முக்கியமான கட்டங்கள் இரவில் கூத்தாக விடிய விடிய நடக்கும். வில் வளைப்பு, துகிலுரிதல், கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம் என்று இரவுகளுக்கே கதையின் பெயர்கள் வந்துவிடும். அர்ச்சுனன் தபசு நாளில், வேடமிட்ட கலைஞர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் விபூதியும் வீசுவார். குழந்தை வரம் வேண்டிய பெண்கள் கீழே மடியேந்திக் காத்திருப்பார்கள். கடைசி நாளில் களிமண்ணால் ஆன பேருருவமாகத் துரியோதனன் தரையில் கிடக்க, படுகளம் நடக்கும்; திரௌபதி கூந்தல் முடிப்பாள்; மாலையில் ஊர் தீ மிதிக்கும்.

இந்த அமைப்பில் ஒரே கதையை ஊர் மூன்று வழிகளில் எதிர்கொள்கிறது: பிற்பகலில் செவியால் கேட்கிறது, இரவில் கண்ணால் காண்கிறது, இறுதியில் தன் பாதங்களால் நெருப்பில் நடக்கிறது. கேட்பவர், பார்ப்பவர், பங்கேற்பவர் என்ற வேறுபாடு நாளாக ஆகக் கரைந்துபோகிறது. கூத்தின் கட்டியங்காரனை இங்கே சிறப்பாகச் சொல்ல வேண்டும். அரசன் வரும்போது அவனை யார் என்று கேட்பவன் அவன். மக்கள் மனத்தில் எழும் கேள்வியை அவன் கேட்பான். கதையின் காலத்தையும் ஊரின் நிகழ்காலத்தையும் ஒரே வசனத்தில் இணைப்பான். பின்வாங்கி நிற்கும் ஊரைக் கதைக்குள் இழுத்துவருவது அவன் வேலை. விராட பருவத்தைப் படித்தாலோ ஆடினாலோ மழை வரும் என்ற நம்பிக்கை இப்பகுதியில் இருப்பதால், வானம் பொய்க்கும் காலத்தில் அதைக் கேட்பது உழவர்களுக்குத் தம் வயலுக்குச் செய்யும் வேலையாகவே இருந்திருக்கிறது.

கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை என்றும் பொன்னர் சங்கர் கதை என்றும் வழங்கும் நெடுங்கதையை உடுக்கடிப் பாட்டாகப் பாடுகிறார்கள். 1965இல் காங்கேயம் பகுதிக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்த கனடா மானிடவியலாளர் பிரெண்டா பெக், பதினெட்டு இரவுகள் நடந்த ஒரு முழுப் பாடலை ஒலிநாடாவில் பதிவுசெய்தார். அதே பாடகர் தனியே அமர்ந்து எழுத்தரிடம் சொல்லி எழுதவைத்த வடிவமும் அவருக்குக் கிடைத்தது. ஒருவரே சொன்ன ஒரே கதை, ஊரின் முன்னால் ஒரு விதமாகவும் எழுத்தரின் முன்னால் வேறு விதமாகவும் அமைந்திருந்ததை ஒப்பிட்டு அவர் நூல் எழுதினார். என் பார்வையில், வாய்மொழி மரபைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிக முக்கியமான படிப்பினைகளில் இது ஒன்று. கூட்டத்தை எடுத்துவிட்டால் கதை அதே கதையாக இருப்பதில்லை. மணப்பாறைக்கு அருகில் வீரப்பூரில் மாசி மாதம் நடக்கும் பெருவிழாவில் வேடபரி என்றும் படுகளம் என்றும் இக்கதையின் கட்டங்களை மக்களே நிகழ்த்திக் காட்டுகிறார்கள்.

கூட்டமே இல்லாமல் கதை நடக்கும் இடமும் ஒன்று உண்டு. அதுவும் தமிழோடு தொடர்புடையது. கேரளத்தின் பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் மாவட்டங்களில் பத்ரகாளி கோயில்களை ஒட்டிக் கூத்துமாடம் என்ற தனிக் கட்டடம் இருக்கிறது. அங்கே திரைக்குப் பின்னால் 21 விளக்குகளை வரிசையாக ஏற்றி, தோல்பாவைகளின் நிழல் விழச்செய்து, புலவர்கள் கம்பராமாயணத்தைப் பாடி விளக்கம் சொல்கிறார்கள். ஏழு இரவிலிருந்து எழுபத்தோர் இரவுவரை கோயிலுக்கேற்ப இது நீளும். தாரிகன் என்ற அசுரனோடு போர் செய்துகொண்டிருந்ததால் இராம இராவண யுத்தத்தைக் காண முடியாமற்போன பத்ரகாளிக்காகவே இந்தக் கூத்து நடக்கிறது என்பது நம்பிக்கை. எனவே நள்ளிரவுக்குப் பிறகு மைதானத்தில் ஒருவரும் இல்லாதபோதும் கூத்து நிற்பதில்லை. பிளாக்பர்ன் 1996இல் வெளியிட்ட இன்னொரு நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். திரைக்கு முன்னால் ஆள் இல்லாதபோது, திரைக்குப் பின்னால் இருக்கும் புலவர்கள் ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டு, விடை சொல்லி, தருக்கம் செய்து, தாமே கேட்பவர்களும் ஆகிவிடுகிறார்கள். உம் கொட்டும் ஆள் இல்லாமல் கதை நகராது என்ற விதி, ஆளில்லாத இடத்திலும் இப்படித் தன்னை நிறைவேற்றிக்கொள்கிறது. கம்பனின் தமிழ், தமிழ்நாட்டு எல்லைக்கு வெளியே, மலையாளம் பேசும் மக்களிடையே, ஒரு தேவியின் பொருட்டு இரவிரவாக ஒலித்துவருவதை நம் பாடநூல்கள் இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ் நிலத்துக்கு அப்பாலும் இதே அமைப்பின் பல உருவங்கள் உள்ளன. ராஜஸ்தானில் நாட்டார் தெய்வமான பாபூஜியின் கதையைச் சொல்லும் போபா என்ற பூசாரிப் பாடகர்கள், ஏறத்தாழ பதினைந்து அடி நீளமுள்ள ஓவியத் திரையை இரவில் விரித்துக் கட்டுகிறார்கள். போபா ராவணஹத்தா என்ற நரம்புக் கருவியை வாசித்துப் பாட, அவர் மனைவி விளக்கைப் பிடித்துப் படங்களைக் காட்டி உடன் பாடுகிறார். திரைச்சீலையே ஒரு நடமாடும் கோயில். அது பழுதடைந்தால் தூக்கி எறிவதில்லை; புஷ்கர் ஏரியில் முறைப்படி கரைக்கிறார்கள். பாரதக் கதையைப் பாடும் சத்தீஸ்கரின் பாண்டவானி மரபில் தலைமைப் பாடகருக்கு எதிரில் ‘ராகி’ என்பவர் அமர்ந்து கேள்வி கேட்டும் ஆமோதித்தும் கதையை முன்னே தள்ளுகிறார். பெண்கள் நின்று ஆடிப் பாடுவதற்கு இடமில்லாத காலத்தில், கையில் தம்பூராவோடு எழுந்து நின்று காபாலிகம் எனப்படும் பாணியில் பீமனாகவும் துச்சாதனனாகவும் முழங்கியதற்காகத் தீஜன் பாய் தன் சமூகத்திலிருந்தே விலக்கப்பட்டார். 2019இல் அவருக்குப் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. துளு நாட்டில் சிரி என்ற பெண்ணின் கதையை, கோபால நாயகர் என்ற பாடகர் 1990இல் பாட, பின்லாந்து ஆய்வாளர் லௌரி ஹொங்கோவின் குழு பதிவுசெய்தது. 1998இல் அச்சில் வந்தபோது அது 15,683 அடிகளாக இருந்தது. அந்த அடிகள் முழுவதும் ஒரு மனிதரின் நினைவில் இருந்தவை. அவருக்கு அந்த நினைவைக் கொடுத்தவை வயல் நடவுப் பாடல்களும், சிரியின் பெயரால் பெண்கள் திரளாகக் கூடி அருள் பெறும் ஆண்டு விழாவும்தாம்.

உத்தரகண்டின் சமோலி மாவட்டத்தில் சலூர்–டுங்ரா என்ற இரட்டைக் கிராமங்களில் ஏப்ரல் இறுதியில் நடக்கும் ரம்மாண் விழாவை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பூமியாள் என்ற காவல் தெய்வத்துக்கான இந்த விழாவில் இராமாயணம் பாடலாகவும் முகமூடி ஆட்டமாகவும் நிகழ்கிறது. ஊரின் ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனிப் பணி உண்டு: சடங்கை நடத்துபவர்கள், நரசிம்ம முகமூடி அணியும் உரிமையுள்ளவர்கள், தாளம் கொட்டுபவர்கள், ஜாகர் என்ற கதைப்பாடலைப் பாடுபவர்கள். தெய்வம் ஆண்டு முழுவதும் ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குகிறது. அந்தக் குடும்பம் கடுமையான ஒழுக்கங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். யுனெஸ்கோ 2009இல் இதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, பட்டியலில் ஏறியது ஒரு பாடலோ ஓர் ஆட்டமோ அன்று. ஒரு கிராமம் தன் வேலைகளைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை முழுவதும்தான்.

இவ்வாறு சொல்லும்போது பழைய விழாக்களைக் குறையற்றவையாகக் காட்டிவிடக் கூடாது. வேலைகளைப் பங்கிடும் அதே சாதி அமைப்புதான் பலரை வெளியே நிறுத்தியும் வைத்தது. தாளம் கொட்டியவருக்கும் கதை பாடியவருக்கும் விழா இரவில் கிடைத்த மரியாதை மறுநாள் தெருவில் கிடைக்கவில்லை. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்களின் வழிபாட்டு உரிமை மறுக்கப்பட்டதால் எழுந்த மோதலை அடுத்து, 2023 ஜூன் மாதத்தில் திரௌபதி அம்மன் கோயில் பூட்டி முத்திரையிடப்பட்டது. சபை நடுவில் நீதி கேட்டு நின்ற ஒரு பெண்ணின் பெயரால் அமைந்த கோயிலில் இது நடந்தது என்பதை நினைக்க மனம் வலிக்கிறது. எனவே இன்று ஒரு சமூகம் கதைவிழா எடுக்க நினைக்கும்போது, பழைய விழாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவற்றை அறிந்துகொள்வதோடு, விட்டொழிக்க வேண்டியவற்றையும் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். புதிய விழா எல்லாரும் வரி கொடுத்து, எல்லாரும் உள்ளே வந்து, எல்லாரும் கேட்கக்கூடியதாக இருக்கும்போதுதான் அதை ஊர் விழா என்று சொல்ல முடியும்.

கோயிலை விட்டு வெளியே வந்த கதைகளும் உண்டு. நாகர்கோவிலைச் சேர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் வில்லுப்பாட்டில் காந்தியின் கதையைப் பாடி அதைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். அவருக்கு எழுதிக்கொடுத்து வளர்ந்த சுப்பு ஆறுமுகம் அதே வழியில் பல பத்தாண்டுகள் நடந்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்று, 2022இல் மறைந்தார். தெலுங்கு நாட்டில் 1940களில் பிரஜா நாட்டிய மண்டலி என்ற கலை அமைப்பு, புர்ரகதை என்ற கதைப்பாட்டு வடிவத்தை உழவர் போராட்டங்களின் குரலாக மாற்றியது. அதில் நடுவில் நிற்கும் கதகுடு என்ற முதன்மைக் கதைசொல்லிக்கு இருபுறமும் இருவர் நிற்பார்கள். ஒருவர் நகைச்சுவையாலும் மற்றவர் அன்றைய அரசியல் பேச்சாலும் கதைக்கு மறுமொழி கொடுப்பார்கள். ஆங்கில அரசும் நிஜாம் அரசும் அதற்குத் தடை விதித்தன என்பதே அதன் வலிமைக்குச் சான்று. ஷேக் நாசர் என்ற இசுலாமியக் கலைஞரே அதன் தலைசிறந்த முகமாக விளங்கினார். தமிழ் முஸ்லிம் ஊர்களில் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பாடி விரித்துரைத்த அவைகளையும் இந்த வரிசையில் வைத்தே எண்ண வேண்டும். கதையை ஊர் கூடிக் கேட்கும் பழக்கத்துக்கு ஒரு சமயம் மட்டும் உரிமை கொண்டாட முடியாது.

ஆனால் மேடைக்கு வந்ததில் ஓர் இழப்பும் நேர்ந்தது. கொடையில் இரவெல்லாம் நீண்ட பாட்டு, வானொலியிலும் அரசு விழாக்களிலும் அரை மணி நேரத்துக்குள் சுருங்கியது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைஞர்களைத் தலைநகரின் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்துவந்து, அவர்களை அறியாத ஒரு தலைமுறைக்கு அறிமுகம் செய்தது. அது பெரிய பணி. அதன் பயனை யாரும் மறுக்க முடியாது. எனினும் ஒரே மாலையில் பல கலைகளை அடுத்தடுத்து நிறுத்தும் எந்த விழாவிலும், ஆட்டத்துக்கும் தாளத்துக்கும் கிடைக்கும் இடம் கதைக்குக் கிடைப்பதில்லை. பறையின் வேகத்தைப் பத்து நிமிடத்தில் உணர்ந்துவிடலாம். கர்ணன் தன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டத்தைப் பத்து நிமிடத்தில் உணர முடியாது. அதற்கு முன் நள்ளிரவுவரை அவனோடு இருந்திருக்க வேண்டும். இதற்கிடையில் கிராமங்களிலேயே திருவிழா இரவுகளில் மெல்லிசைக் கச்சேரி கூத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கூத்தை வளர்த்த ஊரே அதைக் கேட்கும் பொறுமையை இழந்துவருவதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது.

இதற்கு மாற்று உருவாக்கியவர்களும் இருக்கிறார்கள். 1990இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கம் காஞ்சிபுரத்துக்கு அருகில் புஞ்சரசந்தாங்கல் கிராமத்திலிருந்து இயங்கி, பிள்ளைகளுக்குப் பள்ளிப்படிப்போடு கூத்தும் கற்பித்தது. பெண்பிள்ளைகளுக்கும் கட்டை என்ற மர அணிகளைக் கட்டி ஆடும் வாய்ப்பைத் திறந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பூங்கனி என்ற பெண்மணி சிறுவயதிலேயே வில்லைக் கையிலெடுத்து, ஆண்களே நிறைந்திருந்த துறையில் தலைமைப் பாடகராக விளங்கினார். 2018இல் அவர் மறைந்தபோது அவரோடு மறைந்த பாடல்கள் எத்தனையோ. ஒரு மூத்த கலைஞரின் நினைவில் இருப்பதைப் பதிவுசெய்வது உடனடியாகச் செய்ய வேண்டிய பணிதான். ஆனால் பதிவு செய்வதும் உயிரோடு வைத்திருப்பதும் ஒன்றல்ல என்பதைப் பிரெண்டா பெக்கின் ஒப்பீடே காட்டிவிட்டது.

அப்படியானால் ஒரு குடியிருப்போ, பள்ளியோ, கிராம நூலகமோ கதைவிழா எடுக்க விரும்பினால் எதைக் கவனிக்க வேண்டும்? முதலில், பத்துக் கதைசொல்லிகளை ஒரு மாலைக்கு அழைப்பதைவிட, ஒரு குழுவை மூன்று இரவுகளுக்கு அழைப்பது மேல். முதல் இரவில் கதைமாந்தர் அறிமுகமாவார்கள். இரண்டாம் இரவில் அவர்கள்மீது பாசம் வரும். மூன்றாம் இரவில் அவர்களுக்கு நேர்வது நமக்கே நேர்வதாகும். அடுத்து, செலவை ஒரு புரவலரிடம் விட்டுவிடாமல் வீட்டுக்கு ஒரு சிறு தொகை என்று பிரித்துக்கொள்வது நல்லது. தலைக்கட்டு வரிக்குப் பின்னால் இருந்த அறிவு அதுதான். வரி கொடுத்தவர் வந்து உட்காருவார், உட்கார்ந்தவர் பிள்ளையையும் அழைத்துவருவார். கலைஞரை வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைத்து, ஊதியத்தை முன்பே பேசி, அடுத்த ஆண்டுக்கும் அப்போதே சொல்லிவைப்பது அவருக்குச் செய்யும் உண்மையான மரியாதை. ஒரு முறை பொன்னாடை போர்த்துவதால் ஒரு குழு நிலைக்காது. ஆண்டுதோறும் வரும் அழைப்பால்தான் அது நிலைக்கும்.

வேறு மொழிக் கதைமரபு ஒன்றை அழைக்கும்போது, கதை நடக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் குறுக்கிட்டு ஓட்டத்தைக் கெடுத்துவிடக் கூடாது. கதையின் சுருக்கத்தைத் தொடங்கும் முன்பே நம் மொழியில் சொல்லிவிட்டால் போதும். எதிரில் இருப்பவர் யார் என்பதும், அவர் ஏன் அழுகிறார் என்பதும் தெரிந்தபின், பாண்டவானியின் சத்தீஸ்கரி மொழி தடையாக இராது. பாரதத்தை அறியாத காது இந்த நாட்டில் அரிது. உயரமான மேடையும், கேட்பவர்களை இருளில் வைக்கும் ஒளியமைப்பும் வேண்டியதில்லை. கலைஞர் கேட்பவரின் முகத்தைப் பார்க்க முடியும்படி, பாய் விரித்துத் தரையில் உட்காரவைப்பதே போதுமானது. ஒவ்வொரு மரபிலும் கேட்பவர் எப்படி மறுமொழி கொடுக்க வேண்டும் என்பதைக் கலைஞரே முதலில் சொல்லிக்கொடுக்கட்டும்: எங்கே ஆமா போடுவது, எங்கே குலவையிடுவது, எங்கே தாளம் தட்டுவது என்று பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்வார்கள். வீட்டிலிருக்கும் பாட்டிகளையும் தாத்தாக்களையும் வெறும் பார்வையாளர்களாக உட்காரவைக்காமல், பெருங்கதை தொடங்கும் முன் அவர்கள் ஊரில் கேட்ட சிறுகதை ஒன்றைச் சொல்லச் சொல்ல வேண்டும். அவர்களில் பலர் கதை கேட்டு உம் கொட்டும் ஆள் வீட்டில் இல்லாததால்தான் சொல்வதை நிறுத்தினார்கள்.

கடைசியாக ஒன்று. வில்லுப்பாட்டின் நிறைவுப் பகுதிக்கு வாழி பாடுதல் என்று பெயர். நேரமாகிவிட்டது என்று அமைப்பாளர்கள் மேடையோரத்திலிருந்து சைகை காட்டும்போது முதலில் வெட்டுப்படும் பகுதியும் அதுவே. கதை முடிந்துவிட்டது, இனி வாழ்த்துத்தானே என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் ஊரின் பெயர் பாட்டுக்குள் நுழைவது அங்கேதான். மழையை வாழ்த்தி, வயலை வாழ்த்தி, கொடை கொடுத்த ஊராரை வாழ்த்தி, ஏட்டில் கதை எழுதியவரை வாழ்த்தி, அதைப் பாடியவரை வாழ்த்தி, விடியும்வரை தூங்காமல் இருந்து கேட்டவரைக் கடைசியில் வாழ்த்திய பிறகே புலவர் வீசுகோலைக் கீழே வைப்பார்.